வீட்டுத் தண்ணீருக்கு எந்த வடிகட்டி?

திருவண்ணாமலையில் புதிதாக வீடு கட்டுவோர் பலர், கம்பி, சிமெண்டுக் கணக்கோடு இப்போது இன்னொரு செலவையும் சேர்த்து எழுதிக்கொள்கிறார்கள். வீடு முழுவதற்குமான தண்ணீர் வடிகட்டிதான் அது. ஏன் என்று கேட்டால் குறைகளை அடுக்குவார்கள். குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. சோப்பு நுரைப்பதில்லை. துவரம் பருப்பு வேக நேரமாகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு போல் படிகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. பெரிய வடிகட்டியாக ஒன்றை மாட்டிவிட்டால் இவை எல்லாம் தீர்ந்துவிடும் என்பது பலருடைய எண்ணம்.

தீர்ந்துவிடுமா? ஒரு வடிகட்டி எதை நீக்கும், எதை நீக்காது? அதை வீட்டில் எந்த இடத்தில் பொருத்த வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண உங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலும் வேதியியலுமே போதும். கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருவகைத் தண்ணீர்

திருவண்ணாமலை வீடுகளுக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சாத்தனூர் அணையிலிருந்து குழாய் வழியாக வரும் குடிநீர். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. மற்றொன்று, வீட்டு மனையிலேயே தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீர்.

இந்த இரண்டின் குணமும் வேறு. ஆற்று நீர் நிலத்தின் மேற்பரப்பில் ஓடி வருவது. பாறையோடு அதற்குள்ள பழக்கம் குறைவு. ஆகவே கரைந்த உப்புகளும் பொதுவாகக் குறைவு. ஆனால் வெள்ளக் காலத்தில் மண்ணையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வரும்.

ஆழ்துளைக் கிணற்றின் கதை நேர் எதிர். அண்ணாமலை மலையும் அதைச் சுற்றியுள்ள நிலமும் கடினமான கரும்பாறை வகையைச் சேர்ந்தவை. இத்தகைய பாறையில் நீர் வெடிப்புகளிலும் விரிசல்களிலுமே தங்குகிறது. மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பல ஆண்டுகள் பாறை இடுக்கில் தங்கி, கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவற்றைச் சிறுகச் சிறுகக் கரைத்தெடுக்கிறது. பாறையில் புளோரின் கலந்த கனிமங்கள் இருந்தால் புளோரைடும் சேர்கிறது. இவ்வளவும் கரைந்திருந்தும் அந்த நீர் பளிங்கு போல் தெளிவாகவே மேலே வரும்.

ஆகவே கலங்கல் நீர் கெட்டது, தெளிந்த நீர் நல்லது என்று கண் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது.

மூவகைப் பொருள்கள்

நீரில் உள்ள வேண்டாத பொருள்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மிதப்பவை: மணல், வண்டல், களிமண், துரு. இரண்டாவது, உயிருள்ளவை: பாக்டீரியா, வைரஸ் முதலிய நுண்ணுயிர்கள். மூன்றாவது, கரைந்தவை: உப்புகள். இவை அயனிகளாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கிடையே திரிகின்றன.

இவற்றின் அளவைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நுண்மணல் 100 மைக்ரான் அளவுள்ளது. களிமண் துகள் 2 மைக்ரானுக்குக் குறைவு. பாக்டீரியா சுமார் 1 மைக்ரான். வைரஸ் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் சிறியது. புளோரைடு அயனியோ 0.0003 மைக்ரானைக்கூட எட்டாது.

கடைகளில் கிடைக்கும் சாதாரண வடிகட்டிக் குழலின் துளை 5 மைக்ரான். ஒரு புளோரைடு அயனியை 2 மில்லிமீட்டர் கடுகாகப் பெரிதாக்கிப் பார்ப்போம். அதே விகிதத்தில் அந்தத் துளையையும் பெரிதாக்கினால் அது 35 மீட்டருக்கும் அகலமான வாசலாகிவிடும். அண்ணாமலையார் கோயில் கிழக்கு ராஜகோபுரத்தின் உயரம் 217 அடி. அந்தக் கோபுரத்தில் பாதிக்கு மேல் அகலமான வாசலில் ஒரு கடுகு தடுக்கப்படுமா? சல்லடையால் உப்பை வடிக்க முடியாததன் காரணம் இதுதான்.

முதலில் அளவு, பிறகு வடிகட்டி

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். வடிகட்டிக்குப் பணம் போடுவதற்கு முன் தண்ணீரை அளக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதித்துக் கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (2012) இவற்றுக்கு விரும்பத்தக்க எல்லை ஒன்றும், வேறு நீர் கிடைக்காதபோது பொறுத்துக்கொள்ளும் எல்லை ஒன்றும் வகுத்திருக்கிறது.

கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். பொறுத்துக்கொள்ளும் எல்லை 2000. கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட கடினத்தன்மை 200, எல்லை 600. புளோரைடு 1 மில்லிகிராம், எல்லை 1.5.

சிலர் கையடக்கமான ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு, "எண் குறைவு, தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கி, மொத்த உப்பின் அளவாகக் காட்டுகிறது. அதில் எந்த உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 600 மில்லிகிராமில் 2 மில்லிகிராம் புளோரைடு ஒளிந்திருந்தாலும் கருவி 600 என்றுதான் காட்டும். நோய்க் கிருமி லட்சக்கணக்கில் இருந்தாலும் எண் மாறாது. எனவே அந்தக் கருவி ஆய்வுக்கூட அறிக்கைக்கு ஈடாகாது.

மிதப்பவற்றை நீக்குதல்

கலங்கல் நீரை ஒரு தொட்டியில் அசையாமல் விட்டால் துகள்கள் அடியில் படியும். ஸ்டோக்ஸ் விதிப்படி, படியும் வேகம் துகள் விட்டத்தின் இருபடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 100 மைக்ரான் மணல் வினாடிக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் இறங்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் இரண்டு நிமிடத்தில் அடிக்குப் போய்விடும். 1 மைக்ரான் களிமண்ணின் விட்டம் நூறில் ஒரு பங்கு. ஆகவே வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதே ஒரு மீட்டர் இறங்க 13 நாட்கள் ஆகும்!

களிமண் துகள்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி, தனித்தனியாகவே மிதக்கின்றன. படிகாரத்தைச் சேர்த்தால் அதிலுள்ள அலுமினியத்தின் நேர்மின்னேற்றம் இந்த விலக்கத்தைக் குறைக்கிறது. துகள்கள் கூடித் திரள்கின்றன. திரண்டால் விட்டம் பெருகும். விட்டம் பெருகினால் வேகம் கூடும். நம் ஊர்ப் பக்கம் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பது இதற்காகத்தான். கலங்கிய நீர் தேற்றா விதையால் தெளிவது கலித்தொகையில் உவமையாகவே வருகிறது என்றால், இந்த அறிவு எவ்வளவு பழமையானது என்று எண்ணிப் பாருங்கள்.

வீடுகளில் இந்த வேலையை மணல் வடிகட்டி செய்கிறது. அதன் அளவை நாமே கணக்கிடலாம். உங்கள் மோட்டார் மணிக்கு 1000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர் நீரை ஏற்றுகிறது என்று கொள்வோம். இவ்வகை வடிகட்டியில் நீர் மணலின் வழியே மணிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் இறங்கலாம். 1-ஐ 10-ஆல் வகுத்தால் 0.1 சதுர மீட்டர் பரப்பு. இதற்கு ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை வேண்டும். இதைவிட மிகச் சிறியதை வாங்கினால் நீர் விரைந்து ஓடும். பிடிபட்ட அழுக்கு மீண்டும் பிய்த்துக்கொண்டு போகும். அழுக்குச் சேர்ந்த பின் நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும்.

எங்கே பொருத்துவது?

வீடு முழுவதற்கும் ஒரே வடிகட்டி என்னும் முறை மேலை நாடுகளில் பரவியது. அங்கே பெரும்பாலும் தெருக் குழாயில் மூன்று நான்கு பார் அழுத்தத்துடன் தண்ணீர் நாள் முழுவதும் ஓடுகிறது. குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வடிகட்டியைப் பொருத்திவிடுவார்கள். நம் வீடுகளில் தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு வந்து, மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே இறங்குகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது.

ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் சுமார் 0.1 பார். மாடித் தொட்டியின் வெளிவாய் கூரைக்கு மேல் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. மாடி அறையின் உயரம் 3 மீட்டர். ஷவர் தரையிலிருந்து 2 மீட்டரில் உள்ளது. அப்படியானால் ஷவருக்கு மேலுள்ள நீர்மட்டம் 1.5 + 1 = 2.5 மீட்டர். அழுத்தம் வெறும் 0.25 பார். தரைத் தளத்தில் இன்னும் 3 மீட்டர் கூடுவதால் 0.55 பார்.

வடிகட்டியின் மணலைக் கடக்கும்போது நீர் கொஞ்சம் அழுத்தத்தை இழக்கிறது. சுத்தமாக இருக்கும்போது இந்த இழப்பு 0.1 அல்லது 0.2 பார்தான். அழுக்கு அடையும்போது இது இரண்டு மூன்று மடங்காகும். தொட்டிக்குக் கீழே வடிகட்டியை மாட்டினால் மாடி ஷவரின் 0.25 பாரையும் அதுவே விழுங்கிவிடும். முதல் மாதம் நன்றாக வரும் தண்ணீர், மூன்றாம் மாதம் சொட்டுச் சொட்டாக வரும்.

அதே வடிகட்டியை மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் இடையே வைத்துப் பாருங்கள். மோட்டாரின் திறன் 20 மீட்டர் உயரம், தொட்டியின் உயரம் 8 மீட்டர் என்றால், குழாய் உராய்வு போகவும் சுமார் ஒரு பார் அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம் வடிகட்டிக்குப் போதும். ஒரே கருவி ஓரிடத்தில் வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் குழாயை அடைக்கிறது.

கடின நீரும் சோப்பும்

மணல் வடிகட்டியைத் தாண்டிய பின்னும் நீரின் கடினத்தன்மை அப்படியே இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் அயனிகள் அல்லவா? இவை சோப்போடு சேர்ந்து கரையாத திப்பிகளாகின்றன. சோப்பு முழுவதும் சோடியம் ஸ்டியரேட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மை சுமார் 6 கிராம் சோப்பை வீணாக்கும். கடினத்தன்மை 600 உள்ள 15 லிட்டர் வாளித் தண்ணீரில் 9 கிராம் இருக்கிறது. அந்த வாளி முழுவதும் நுரைக்க வேண்டுமானால் 54 கிராம் சோப்பு நுரைக்கும் முன்பே அழிந்திருக்கும். ஒரு குளியல் சோப்புக் கட்டியில் பாதி!

கடினத்தன்மையை நீக்கும் கருவிக்கு வழக்கில் சாஃப்ட்னர் என்று பெயர். இதனுள் மஞ்சள் நிறச் சிறு மணிகளாக அயனிப் பரிமாற்றப் பிசின் இருக்கும். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். மணிகளில் சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவினால் பழைய நிலைக்கு வரும். மண்ணுக்கு இத்தகைய பரிமாற்றக் குணம் உண்டு என்பதை 1850-இல் இங்கிலாந்தில் தாம்ஸன், வே என்னும் இருவர் வெளியிட்டார்கள். பயிர் உரத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்த உண்மை இன்று குளியலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்கும் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பிசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கொண்டால், 25 லிட்டர் பிசின் 1250 கிராம் பிடிக்கும். வீட்டில் நாளொன்றுக்கு 500 லிட்டர் செலவாகிறது, கடினத்தன்மை 600. ஒரு நாளைக்கு 300 கிராம். நான்கு நாட்களில் பிசின் நிறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழுவச் சுமார் 3 கிலோ உப்பு வேண்டும். ஆண்டுக்கு 91 முறை. 273 கிலோ உப்பு!

இந்த உப்பு எங்கே போகிறது? கழிவுநீரோடு மண்ணில் இறங்குகிறது. மண்ணில் இறங்கியது மெல்ல நிலத்தடி நீரில் சேர்கிறது. அந்த நீரைத்தானே நாமும் பக்கத்து வீட்டாரும் ஆழ்துளைக் கிணற்றில் இறைக்கிறோம்? ஆகவே சாஃப்ட்னரை எல்லாத் தண்ணீருக்கும் வைப்பது அறிவுடைமை ஆகாது. கழிப்பறைக்கும் செடிகளுக்கும் மென்னீர் தேவையில்லை. சோடியம் மிகுந்த நீர் செடிக்கும் மண்ணுக்கும் கெடுதலும்கூட. குளிக்கவும் துவைக்கவும் மட்டும் 300 லிட்டர் என்று பிரித்துவிட்டால், ஏழு நாட்களுக்கு ஒரு முறை கழுவினால் போதும். உப்பு ஆண்டுக்குச் சுமார் 156 கிலோவாகக் குறைகிறது. இதற்குச் செலவு வீடு கட்டும்போதே போடும் இன்னொரு குழாய் மட்டுமே.

மென்னீர் குடிக்க உகந்ததா? 600 கடினத்தன்மையை நீக்கும்போது லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்து உண்ணும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

கண்ணுக்குத் தெரியாத புளோரைடு

இதுவரை பார்த்தவை பணத்தையும் வசதியையும் பற்றியவை. புளோரைடு உடம்பைப் பற்றியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நீரில் இருக்கும் அளவில் சுவையும் தெரியாது. சிறிதளவு இருந்தால் பற்களுக்கு நன்மை. மிகுந்தால், வளரும் குழந்தைகளின் பற்களில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் கறை படியும். சுமார் 8 வயது வரை பல்லின் எனாமல் உருவாகும் காலம். அப்போது படிந்த கறை பிறகு தானாக மறைவதில்லை. பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகும்.

அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருப்பதை ஷார்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937-இல் விளக்கி எழுதினார்கள். இந்தியாவில் இதைப் பற்றி வந்த முதல் விளக்கம் அதுவே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்குப் பதிலாகக் காவிரி நீரைக் கொண்டுவருவதே அதன் அடிப்படை. சில இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு 1.5-ஐத் தாண்டும் மாவட்டங்களின் வரிசையில், மத்திய நிலத்தடி நீர் வாரியம் திருவண்ணாமலையையும் சேர்த்திருக்கிறது. நம் மனையின் கிணறு எந்தப் பக்கம் என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். ஒரே தெருவில்கூடப் பாறைக்குப் பாறை மாறும்.

புளோரைடை மணல் வடிகட்டி நீக்காது. சாதாரணக் கரி நீக்காது. சாஃப்ட்னர் நேர்மின் அயனிகளைத்தான் மாற்றும். புளோரைடு எதிர்மின் அயனி. அதனால் அதுவும் நீக்காது. கொதிக்க வைத்தால்? கிருமி சாகும், புளோரைடு போகாது. 1.5 மில்லிகிராம் உள்ள நீரைக் காய்ச்சும்போது கால் பங்கு ஆவியானால், மிஞ்சியதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும். காய்ச்சியதால் கூடிவிட்டது!

இதை நீக்கும் வழிகளும் உண்டு. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வகுத்த நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கிறார்கள். ஊக்கிய அலுமினா என்னும் பொருள் புளோரைடைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளும். மூன்றாவது வழி எதிர்ச் சவ்வூடு பரவல், ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்வது இதையே.

ஆர்.ஓ. கருவியின் இடம்

உப்புக் கரைசலையும் தூய நீரையும் ஒரு சவ்வு பிரித்தால், தூய நீர் கரைசலை நோக்கிச் செல்லும். கரைசலின் மேல் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த் திசையில் வரும். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புள்ள நீருக்கு இந்தச் சவ்வூடு அழுத்தமே சுமார் ஒரு பார். அதாவது 10 மீட்டர் உயர நீர்த்தம்பம். நம் மாடித் தொட்டி தரும் 2.5 மீட்டரோ 5.5 மீட்டரோ இதற்குப் போதாது. அதனால்தான் சமையலறைக் கருவிக்குள் ஒரு சிறு பம்பு வைத்திருக்கிறார்கள். நடைமுறைக்கு ஏற்ற சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப்.

இக்கருவி கரைந்த உப்புகளில் பெரும்பகுதியையும், அவற்றோடு புளோரைடையும் நீக்குகிறது. ஆனால் அதற்கு விலை தண்ணீர். வீட்டுக் கருவிகளில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகலாம். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் என்றால் கழிவு 40 முதல் 60 லிட்டர். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்திவிடலாம். வீட்டின் 500 லிட்டரையும் இப்படிச் செய்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே ஆர்.ஓ. கருவியின் இடம் சமையலறை மட்டுமே. கரைந்த திடப்பொருள் 500-க்குக் குறைவாக உள்ள நீருக்கு இதைப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதன் காரணமும் இந்த வீணடிப்புதான். அணை நீர் போதிய அளவு வரும் வீட்டில், சோதனையில் எண்கள் எல்லைக்குள் இருந்தால், அந்த நீரையே கிருமி நீக்கிக் குடிக்கலாம்.

கிருமிகளும் கரியும்

1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி சுமார் 8,600 பேர் இறந்தார்கள். எல்பே ஆற்று நீரை அந்நகரம் வடிகட்டாமல் கொடுத்து வந்தது. அதை ஒட்டிய அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின், தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் மெதுவாக வடித்துக் கொடுத்தது. அங்கே நோய் பெரிதும் பரவவில்லை. மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்து உண்டுவிடுவதே காரணம். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் அமைந்த மணல் வடிப்புத் தொட்டிகள் இந்த முறையைச் சேர்ந்தவை.

வீட்டு வடிகட்டியில் நீர் விரைந்து ஓடுவதால் இந்தப் படலம் உருவாகாது. ஆகவே கிருமி நீக்கம் தனி வேலை. நகராட்சி நீரில் சேர்த்த குளோரின் சிறிது மிஞ்சி வந்து மாடித் தொட்டியிலும் காவல் காக்கிறது. கிணற்று நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுவது வழக்கம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஊக்கிய கரி குளோரினை நீக்கிவிடும். குளோரின் வாடை போகிறதே என்று கரி வடிகட்டியை மோட்டார்க் குழாயில் மாட்டினால், மாடித் தொட்டிக்குக் காவலில்லாத நீர் போய்ச் சேரும். வெயிலில் காயும் அந்தத் தொட்டியில் கிருமிகள் பெருக அது வசதி. எனவே கரிக்கு உரிய இடம் சமையலறைக் குழாய். அதற்குப் பின் புற ஊதா விளக்கு வைக்கலாம். கலங்கல் நீரில் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பிவிடுமாதலால், விளக்கு எப்போதும் கடைசியில் வர வேண்டும்.

ஒரு வீட்டின் அமைப்பு

இவற்றைத் தொகுத்தால் கிணற்று நீரை நம்பிய ஒரு வீட்டுக்கு இப்படி ஓர் அமைப்பு கிடைக்கிறது.

முதலாவது, ஆய்வுக்கூட அறிக்கை. இரண்டாவது, மோட்டாருக்கும் மாடித் தொட்டிகளுக்கும் இடையே மணல் வடிகட்டி. மூன்றாவது, மாடியில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் மணலில் வடித்த நீர், கழிப்பறைக்கும் செடிகளுக்கும். மற்றொன்றில் சாஃப்ட்னர் வழியே வந்த நீர், குளிக்கவும் துவைக்கவும். அறிக்கையில் கடினத்தன்மை குறைவென்றால் சாஃப்ட்னரே வேண்டாம். நான்காவது, சமையலறையில் மட்டும் கரி, தேவையானால் ஆர்.ஓ., கடைசியாகப் புற ஊதா விளக்கு.

ஐந்தாவது, மழை. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர் உப்பில்லாத நீர். அதைக் கூழாங்கல்லும் மணலும் இட்ட குழி வழியாக நிலத்துக்குள் விட்டால், கிணற்று நீரின் உப்பு நாளடைவில் நீர்த்துப்போக உதவும். மலையைச் சுற்றி முன்னோர் வெட்டிய குளங்களும் தீர்த்தங்களும் இந்த வேலையை ஊர் முழுவதற்குமாகச் செய்கின்றன. ஒரு குளம் தூர்ந்தால் அந்த வேலை குறைகிறது. வீட்டுக்கு வீடு உப்பு மூட்டை வாங்க வேண்டிய நிலை வருகிறது.

செய்து பாருங்கள்

மூன்று ஒரே அளவான கண்ணாடிப் புட்டிகளில் மழைநீர், நகராட்சிக் குழாய் நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகியவற்றை 50 மில்லிலிட்டர் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீரில் கொஞ்சம் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் தூள் இதற்கு உதவாது. ஒவ்வொரு புட்டியிலும் சோப்புக் கரைசலைப் பத்துப் பத்துச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்கும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணி எழுதுங்கள். பிறகு கிணற்று நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவைத்து, தெளிந்த நீரை 50 மில்லிலிட்டர் எடுத்து மீண்டும் எண்ணுங்கள். குறைந்த சொட்டுகள் கொதித்தால் போகும் தற்காலிகக் கடினத்தன்மையைக் காட்டும். மீதி நிலையான கடினத்தன்மை.

இந்த எண்களை ஓர் அட்டவணையாக எழுதி வீட்டில் காட்டுங்கள். வடிகட்டி வாங்கும் பேச்சு வரும்போது, "புளோரைடு எவ்வளவு என்று சோதித்தாயிற்றா?" என்ற கேள்வியை மறவாமல் கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சோப்புச் சோதனை விடை தராது, ஆய்வுக்கூடம் தரும். வீட்டில் சின்னத் தம்பி தங்கைகள் இருந்தால் அந்த விடை வரும் வரை காத்திருந்து வாங்குவதே நல்லது.